சர்ச் ஹாலில் பாலர் பள்ளி: காகிதங்கள் வந்த கதை



சென்ற பொதுக்குழுவுக்கு நேரில் வந்தவர்கள் 11 பேர்தான். மற்றவர்கள் சேலத்திலும் பெங்களூருவிலும் சென்னையிலும் இருந்தபடி போனில் காது கொடுத்தார்கள். மலையில் சிக்னல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே விஷயத்தை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நம் கேட்டுக்கு எதிர்ச்சரிவில் இருக்கும் சிறிய சர்ச்சின் கமிட்டியார் இருவர் வந்திருந்தார்கள். ஆலயத்தை ஒட்டிய ஹாலில், வார நாட்களில் காலை 9 முதல் 12 வரை, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பாலர் பள்ளி நடத்த விரும்புகிறார்கள். சுமார் 15 பிள்ளைகள். பெரும்பாலும் எஸ்டேட் வேலைக்கும் லாட்ஜ் வேலைக்கும் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளும் அதில் உண்டு. ஹாலின் உபயோகத்தை மாற்ற அனுமதி கேட்டு மனு போடப் போகிறார்கள். பக்கத்துக் குடியிருப்பு என்ற முறையில், ஆட்சேபணை இல்லை என்று நாம் ஒரு கடிதம் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றார்கள்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "ஆலயத்தில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது புண்ணிய காரியம், அதற்கு எதற்குக் காகிதம், சும்மா ஆரம்பிக்கச் சொல்லுங்கள்" என்று ஒரு கட்சி. "சர்ச் சர்ச்சாக இருக்கட்டும், பள்ளிக்கூடம் வேறு இடத்தில் நடக்கட்டும், காலையில் வண்டி எடுக்க முடியாது" என்று இன்னொரு கட்சி. நான் பி.காம். படித்து 36 வருடம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்தவன். காகிதம் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒவ்வொரு காகிதத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் அடிபட்ட கதை இருக்கும். இந்தக் காகிதங்களின் கதையைத்தான் இந்த இதழில் எழுதக் கேட்டு வாங்கினேன்.

முதலில் இரண்டாவது கட்சிக்கு ஒரு சொல். "பள்ளி" என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கல்வெட்டுகளில் சமண முனிவர்கள் தங்கிய இடம் பள்ளி. முஸ்லிம்கள் தொழும் இடம் பள்ளிவாசல். மலையாளத்தில் சர்ச்சுக்கே பள்ளி என்றுதான் பெயர். பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் அதே பெயர் வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை. துறவியோ புலவரோ பாதிரியாரோ இருந்த இடத்தில் நாலு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு சில வருடங்களுக்குள் ஆலயமும் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வைத்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அவரும் சமயத்தையும் பாடத்தையும் ஒரே திண்ணையில்தான் உட்கார வைத்தார்.

நாவலர் பெயரைச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் இளம் வயதில் யாருடன் சேர்ந்து பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தாரோ அந்தப் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1882ல் காலமானது நம் ஏற்காட்டில்தான். யாழ்ப்பாணத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பள்ளிகளை வளர்த்தவர், பிறகு சென்னையில் பிரசிடென்சி காலேஜில் பேராசிரியராக இருந்தவர், தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி அச்சிட்டவர். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபுட்டை உங்களில் பலருக்குத் தெரியும். 1863ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவர். அவருக்கும் ஏற்காடுதான் ஓய்வுக்கால வீடு. ஹோலி டிரினிட்டி சர்ச்சில் அவருடைய நினைவுக்கல் இருக்கிறது. வாக்கிங் போகும்போது ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

அப்படியானால் நம் மலையில் பள்ளிக்குக் குறைவா என்றால், இல்லவே இல்லை. கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காபி வந்தது. காபியோடு தோட்டக்காரர்களும், அவர்களோடு ஆலயங்களும், ஆலயங்களோடு பள்ளிகளும் வந்தன. சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894ல், மான்ட்ஃபோர்ட் 1917ல். இரண்டும் துறவற சபைகள் தொடங்கியவை. நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். நம் குடியிருப்பில் வீடு வாங்கியவர்களில் சிலர் அந்தப் பழைய மாணவர்கள்தான். ஆனால் இவ்வளவு பெயர்பெற்ற பள்ளிகள் இருக்கும் மலையில், காபிப் பழம் பறிக்கப் போகும் பெண் தன் மூன்று வயதுப் பிள்ளையை எங்கே விடுவது என்ற கேள்விக்கு மட்டும் பதில் எப்போதும் அரைகுறைதான். 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. நம் பக்கத்துச் சிறு தோட்டங்களில் அத்தனை பேர் ஏது? 1975ல் அங்கன்வாடித் திட்டம் வந்தது, பெரிய உதவி. ஆனால் மலையில் ஒரு கிலோமீட்டர் என்பது கீழே இருக்கிற ஒரு கிலோமீட்டர் இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிப்பார்த்தால் தெரியும்.

மலைக்கும் பாலர் பள்ளிக்கும் உள்ள உறவு உலகத்துக்கே பொதுவானது போலிருக்கிறது. பிரான்ஸில் வோஜ் மலைப்பகுதியில் வால்டெர்ஸ்பாக் என்று ஒரு ஏழைக் கிராமம். 1767ல் அங்கே ஓபர்லின் என்ற லூத்தரன் பாதிரியார் வந்தார். பெற்றோர் வயலுக்குப் போன நேரத்தில் சின்னப் பிள்ளைகள் தெருவில் அலைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துக் கிராமத்தில் சாரா பான்ஸே என்ற இளம்பெண் தன் வீட்டில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பின்னல் வேலை சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து, அவரையே சம்பளத்துக்கு அமர்த்தி, சபையின் பொறுப்பில் அந்தப் பள்ளியை நடத்தினார். ஐரோப்பாவின் முதல் பாலர் பள்ளிகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். ஒரு மலைக்கிராமம், ஒரு சர்ச், வேலைக்குப் போகும் தாய்மார்கள். கமிட்டியார் நம்மிடம் சொன்ன கதைக்கும் இதற்கும் வருடத்தைத் தவிர வித்தியாசம் தெரியவில்லை எனக்கு.

அரசாங்கம் குறுக்கே வந்த கதையும் உண்டு. "கிண்டர்கார்ட்டன்" என்ற பெயரை வைத்த ஃபுரோபெல் ஜெர்மானியர். 1851ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களையே தடை செய்துவிட்டது. நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகிறார்கள் என்று காரணம். ஃபுரோபெலின் அண்ணன் மகன் எழுதிய ஒரு சிறு புத்தகத்தை இவருடையது என்று குழப்பிக்கொண்டதும் அதில் ஒரு பங்கு. கையெழுத்து யாருடையது என்று பார்க்காமல் செக்கைத் திருப்பிய மாதிரி! அடுத்த வருடமே மனிதர் இறந்துவிட்டார். தடை நீங்கியது 1860ல். காகிதம் எல்லாமே நல்ல காகிதம் என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

இனி முதல் கட்சிக்கு வருகிறேன். சும்மா ஆரம்பிக்கலாமே என்றவர்களுக்கு.

நம் ஊரில் பள்ளிக்கு முதலில் வந்த அரசாங்கக் காகிதம் பணத்தைப் பற்றியது. 1854ல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைக்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கும் மிஷன் பள்ளிகளுக்கும் அரசு மானியம் வந்தது. மானியம் வந்ததும் இன்ஸ்பெக்டர் வந்தார், வருகைப் பதிவேடு வந்தது. அவர் பிள்ளைகளை எண்ணினார். கூரையை அண்ணாந்து பார்த்தாரா என்பது வேறு விஷயம்.

இடத்தைப் பற்றிய காகிதம் பிந்தித்தான் வந்தது. ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இங்கே வீடு, அங்கே ஆலை என்று விதி எழுதும் வழக்கத்தை 1891ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரம் எடுத்துக்கொண்டது. 1916ல் நியூயார்க் நகரம் முழுவதற்கும் அப்படி ஒரு விதி வந்தது. சென்னை மாகாணத்தில் 1920ல் நகரமைப்புச் சட்டம். இன்று நம்மைக் கட்டுப்படுத்துவது 1971ஆம் வருடத்து தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம். இந்தச் சட்டத்தில் "மேம்பாடு" என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. புதிதாகக் கட்டுவது மட்டும் மேம்பாடு என்று நாம் நினைக்கிறோம். நிலத்தையோ கட்டடத்தையோ பயன்படுத்தும் விதத்தில் முக்கியமான மாற்றம் செய்தாலும் அது மேம்பாடு என்கிறது சட்டம். ஒரு செங்கல் வைக்க வேண்டாம், ஒரு சுவர் இடிக்க வேண்டாம். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சபையார் டீ குடிக்கும் ஹாலில் திங்கள் முதல் வெள்ளி வரை 15 பிள்ளைகள் உட்கார்ந்தாலே அனுமதி கேட்க வேண்டிய மாற்றம் வந்துவிடுகிறது. கமிட்டியார் மனு போடுவது இதற்காகத்தான்.

இது சர்ச்சுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பத்திரத்தோடு இருக்கும் அப்ரூவ்டு பிளானை எடுத்துப் பாருங்கள். குடியிருப்பு என்றுதான் இருக்கும். வீட்டுக் கடன் பிரிவில் இருந்த வருடங்களில், பிளானில் கார் நிறுத்துமிடம் என்று போட்டுவிட்டு நேரில் போனால் டியூஷன் சென்டராக இருந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அதே போல எந்த மதமானாலும் ஓர் இடத்தைப் பொது வழிபாட்டுத் தலமாக்க கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். வீடு, கோயில், பள்ளி, கல்யாண மண்டபம் என்று எது எதுவாக மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கட்டடம் எந்த உபயோகத்துக்கு என்று அனுமதிக்கப்பட்டது?

மலையில் இதற்கு மேல் ஒரு படி. மலைப்பகுதி மரங்களுக்கு 1955லேயே தனிச் சட்டம் வந்தது. 1990ல் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அரசு அமைத்தது. அலுவலகங்களில் "ஹாகா" என்று சொல்வது இதைத்தான். ஏற்காட்டு மலைக் கிராமங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலில் உள்ள கிராமத்தில் கட்ட வேண்டுமென்றால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை எல்லாம் கருத்துச் சொல்ல வேண்டும். நம் குடியிருப்பைக் கட்டியவர் இதற்காக எத்தனை மாதம் அலைந்தார் என்று பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். எனக்கும் அப்போது எரிச்சல்தான். மழைக்காலத்தில் ஒருமுறை மலைப்பாதையில் பாறை உருண்டு கொண்டை ஊசி வளைவில் நான்கு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு எரிச்சல் கொஞ்சம் குறைந்தது.

ஆனால் பாலர் பள்ளிக்கு இன்று கேட்கும் காகிதங்களில் கனமானவை நிலத்தைப் பற்றியவை இல்லை. அவை 2004 ஜூலை 16ஆம் தேதியிலிருந்து கனமானவை.

அன்று வெள்ளிக்கிழமை. நான் கீழே சேலத்தில் கிளையில் இருந்தேன். மதியம் ஒரு வாடிக்கையாளர்தான் முதலில் சொன்னார், கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்துவிட்டது என்று. ஒரே கட்டடத்தில் நர்சரி உட்பட மூன்று பள்ளிகள் நடந்தன. சத்துணவு சமைத்த இடத்துத் தீ கூரைக்குப் பரவியது. மாடியில் கீற்றுக் கொட்டகையில் பிள்ளைகள். குறுகலான மாடிப்படி. 94 பிள்ளைகள் இறந்தார்கள். நீதிபதி சம்பத் விசாரணைக் கமிஷன் அமைந்தது, மாநிலம் முழுவதும் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை எடுக்கச் சொன்னார்கள். 2014ல்தான் தீர்ப்பு வந்தது. பத்து வருடம்.

அன்று இரவு வீட்டில் டிவி பார்த்தபோது நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், எதுவும் பேசவில்லை. காரணம் இதுதான். 1989ல் நான் வேறொரு ஊரில் வேலை பார்த்தபோது எங்கள் மூத்த பெண்ணை மூன்று வயதில் ஒரு ஆலய ஹாலில் நடந்த பாலர் வகுப்பில் சேர்த்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். டீச்சரம்மா தங்கமானவர். இன்றுவரை என் பெண் அவர் சொல்லிக்கொடுத்த பாட்டைத் தன் பிள்ளைக்குப் பாடுகிறாள். அந்த ஹாலுக்கு ஒரே கதவு. பின்பக்கக் கதவுக்குக் குறுக்கே பீரோ. ஒரு மூலையில் பழைய புடவையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பால் காய்ச்சுவார்கள். நான் தினமும் காலையில் அந்த ஸ்டவ்வைப் பார்த்தேன். வவுச்சரில் ஒரு எழுத்து அடித்திருந்தால் திருப்பி அனுப்புகிறவன், ஒரு நாள்கூட அந்தக் கதவைப் பற்றிக் கேட்கவில்லை. யாரும் எந்தக் காகிதமும் கேட்கவில்லை, அவர்களிடமும் எதுவும் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தைப் பதினைந்து வருடம் கழித்து டிவி முன்னால் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டோம்.

பள்ளி நடத்துகிற யாரைக் கேட்டாலும் நான்கு சான்றுகளை விரல் மடக்கிச் சொல்வார்கள். இன்ஜினீயர் தரும் கட்டட உறுதிச் சான்று, தாசில்தாரிடம் வாங்கும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று. கட்டட உரிமம் 1965ஆம் வருடத்துப் பொதுக் கட்டடச் சட்டத்தின்படி வருவது. கும்பகோணத்துக்கு முன்பே இருந்ததுதான், கேட்கிறவர்தான் குறைவு. 2015ல் விளையாட்டுப் பள்ளிகளுக்கென்றே தனி ஒழுங்குமுறை விதிகள் வந்தன. தரைத்தளத்தில்தான் வகுப்பு நடக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்த விதியைப் படித்தபோது கும்பகோணத்து மாடிப்படிதான் எனக்குக் கண்ணில் வந்தது.

சான்றுகளைக் காசுக்கு வாங்கும் இடங்களும் இருக்கின்றன, தெரியாமல் இல்லை. மூன்று மணி நேரப் பள்ளிக்கு இத்தனை அலுவலகம் ஏற வேண்டுமா என்று கமிட்டியாரில் பெரியவர் கேட்டபோது எனக்கும் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. வசதியுள்ளவர்கள் ஆள் வைத்து வாங்கிவிடுவார்கள். இவர்கள் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு சேலத்துக்கு பஸ் ஏற வேண்டும். அதனால்தான் நம் கடிதம் அவர்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. சட்டப்படி அந்தக் கடிதத்துக்குப் பெரிய எடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் யாரும் புகார் செய்யப்போவதில்லை என்று தெரிந்தால் மனு நகரும் வேகம் வேறு. இது 36 வருட கவுண்டர் அனுபவம்.

வண்டி விஷயத்துக்கு: அந்தப் பிள்ளைகளில் யாரும் காரில் வரப்போவதில்லை. நடந்து வருவார்கள். காலை 9 மணிக்கு நம் கேட்டில் நெரிசல் உண்டாக்குவது வாரக்கடைசியில் வரும் நம் விருந்தினர் வண்டிகள்தான், மன்னிக்கவும். சத்தம் பற்றி 2ஆம் பிளாக்கில் ஒரு அம்மா கேட்டார்கள். 12 மணிக்கு முடிந்துவிடும், சனி ஞாயிறு கிடையாது. சமய போதனை இருக்குமா என்றும் ஒருவர் கேட்டார். பாட்டு, கதை, எண், எழுத்து, ஒரு டம்ளர் பால், எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் என்றார்கள் கமிட்டியார். அதைக் கடிதத்திலேயே எழுதித் தருவதாகவும் சொன்னார்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள் செயலாளரும் நானும் போய் ஹாலைப் பார்த்தோம். தரைத்தளம், ஓட்டுக் கூரை, நல்ல வெளிச்சம், இரண்டு கழிப்பறை. அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பால் காய்ச்ச வெளியே தனியாக ஒரு சிறு ஷெட் இருக்கிறது. ஹாலுக்குக் கதவு இரண்டு. பின்கதவுக்குக் குறுக்கே பழைய பெஞ்சுகளையும் கிறிஸ்துமஸ் குடில் சாமான்களையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் கொஞ்ச நேரம் அந்தக் கதவு முன்னால் நின்றேன். செயலாளர் என்ன சார் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

கடித வரைவு நோட்டீஸ் போர்டிலும் குழுவிலும் போடப்பட்டிருக்கிறது. ஊரில் இல்லாதவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் சம்மதமோ ஆட்சேபணையோ செயலாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஹாலைப் பார்க்க வருவதற்கு முன்பு அந்தப் பெஞ்சுகளை எடுத்து ஷெட்டில் வைக்க வேண்டும். தேக்கு, நல்ல கனம். வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஆறு பேர் தேவை. என்னையும் சேர்த்து இப்போது மூன்று பேர் இருக்கிறோம். முதுகுவலி இல்லாதவர்கள் பெயர் கொடுக்கவும்.